எந்தக் குளத்து மீன்?

செவ்வாய் இரவு, நெல்லூர்

வளர்ப்பு மீன் எந்தக் குளத்தில் வளர்ந்தது, என்ன தீவனம் தின்றது, என்றைக்குப் பிடித்தார்கள் என்று எழுதிய சீட்டோடு வந்தால் கிலோவுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுப்பீர்கள்? கிளம்புவதற்கு முன் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டுவிட்டு ரயில் ஏறினேன். கூடூர் தாண்டுவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. இருபது ரூபாய், ஐம்பது ரூபாய், "ஆரோக்கியத்துக்கு விலை உண்டா சார்" என்று ஒருவர். கூட ஒரு பைசா தரமாட்டேன் என்றவர் கீழ்த்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் மட்டும்தான். அவர் ஒருவர்தான் நிஜம் சொல்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். வாயால் கொடுக்கிற காசுக்குக் கஞ்சத்தனம் எதற்கு?

இந்த மாதிரிக் கேள்வியை வைத்துப் பிழைக்கிற ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். காகிதத்தில் 'தருவேன்' என்று டிக் அடிக்கும் தொகை, கையிலிருந்து எடுத்து வைக்கும் தொகையைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். அதனால் சிலர் கேள்விக்கு முன்பே "எல்லோரும் கூட்டித்தான் சொல்கிறார்கள், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள்" என்று எச்சரித்துவிட்டுக் கேட்கிறார்கள். நான் எச்சரிக்கவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை.

மீன் என்றால் நமக்கு இன்னும் படகும் வலையும்தான் கண்முன் வருகிறது. 2022-23-இல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி ஏறத்தாழ 175 லட்சம் டன். கடலில் பிடித்தது அதில் 44 லட்சம் டன். மீதி 131 லட்சம் டன் குளம், ஏரி, ஆறு, அணை என்று உள்நாட்டு நீரில் கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி வளர்த்துப் பிடித்தது. சென்னையில் விற்கும் கட்லாவும் ரோகுவும் ஆந்திரத்திலிருந்து லாரி லாரியாக வந்து 'ஏரி மீன்' என்று போய்க்கொண்டிருக்கின்றன. எந்த ஏரி என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நாட்டிலேயே அதிகம் மீன் வளர்ப்பது ஆந்திரம்தான், அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன். விடியலுக்கு முன் ஒரு இறால் குளத்தில் பிடிப்பு இருக்கிறதாம். சீக்கிரம் படுக்கணும்.

புதன், இந்துகூருபேட்டை பக்கம்

மூன்று மணிக்குப் போனபோதே குளத்தில் பாதித் தண்ணீர் இறங்கியிருந்தது. மதகில் பை வலை கட்டியிருந்தார்கள். தண்ணீரில் காற்றைக் கலக்க ராத்திரியெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த ஏரேட்டர்கள் நின்றுவிட்டதால் தவளைச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வலையைத் தூக்கிக் கொட்டினால் இறால் துள்ளுகிறது, டார்ச் வெளிச்சத்தில் கண்கள் மட்டும் ஆரஞ்சாக மின்னுகின்றன. உடல் கண்ணாடி மாதிரி, உள்ளே ஓடுகிற குடல் கோடு வரைக்கும் தெரிகிறது. அப்படியே ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள். துள்ளல் அடங்க அதிக நேரம் ஆவதில்லை.

உண்மையான சூடு கவுண்ட் எடுக்கும் இடத்தில். ஒரு கிலோ நிறுத்து, பிளாஸ்டிக் ஷீட்டில் பரப்பி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுகிறார்கள். கம்பெனி ஆள் ஒரு தடவை, பண்ணைக்காரர் ஒரு தடவை. கிலோவுக்கு எத்தனை இறால் என்பதுதான் விலை. முப்பது என்றால் பெரிய இறால், பெரிய விலை. நூறு என்றால் சின்னது. கம்பெனி ஆள் 44 என்றார், இவர் 42 என்றார். வால் ஒடிந்த இரண்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தகராறு. கடைசியில் 43. அந்த ஒரு இறாலில் எத்தனை ஆயிரம் ரூபாய் போனது என்று பண்ணைக்காரர் அங்கேயே விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார்.

அவருக்கு நன்றாகத் தமிழ் வருகிறது, மாமனார் ஊர் கும்மிடிப்பூண்டி. டீ வந்ததும் மோட்டார் ரூமுக்குள் கூட்டிப்போய் ஒரு பாலித்தீன் கவரைக் கொட்டினார். கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையத்தின் பதிவு. எம்பிடா என்கிற கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பண்ணையைச் சேர்த்ததற்கான அட்டை. ஹேட்சரியில், அதாவது குஞ்சு பொரிப்பகத்தில், குஞ்சு வாங்கிய பில். தீவனப் பில்கள் ஒரு கட்டு. பிடிப்புக்கு முன்னால் மாதிரி எடுத்து, குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற தடைசெய்த மருந்துகளின் எச்சம் இல்லை என்று லேப் கொடுத்த காகிதம். அதன் ஓரத்தில் டீக்கறை.

இந்தக் கவரை ஊன்றிப் பார்த்தால் வரலாறே இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இந்தக் கடலோரத்தில் கறுப்பு இறால் வளர்த்தவர்களைத் தெருவில் நிறுத்தியது. 1996 டிசம்பரில், காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்குக் கடிவாளம் போட்டது. 2005-இல் தனிச் சட்டம், ஆணையம், பதிவு. 2009-இல் வெனாமி என்ற வெளிநாட்டு இன இறாலுக்கு அனுமதி. குஞ்சு பொரிக்க இறக்குமதியாகும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனித்து வைத்துச் சோதித்த பிறகுதான் ஹேட்சரிக்குப் போகும். சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்றும் விதி போட்டார்கள். அதாவது, நம்மூரில் வளரும் ஒரு உயிருக்குத் தாய்வழி வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் அது இந்த இறாலுக்குத்தான். கட்லாவுக்குக் கிடையாது. கோழிக்கும் ஆட்டுக்கும் எந்த அளவு உண்டு என்று எனக்குக் கேட்கவே தோன்றியதில்லை.

"இவ்ளோ காகிதம் வச்சிருக்கீங்களே, இதைப் பார்த்து யாராவது கிலோவுக்கு அஞ்சு ரூபா கூடப் போட்டிருக்காங்களா?"

"காகிதம் இல்லன்னா கொறைப்பாங்க அண்ணா. இருந்தா கூட்ட மாட்டாங்க."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார்.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன். இவர் குளத்துச் சரக்கு வண்டியில் பாதிகூட நிறையவில்லை. வண்டி நேராகப் பக்கத்து ஊருக்குப் போய் இன்னொரு குளத்துச் சரக்கை ஏற்றிக்கொண்டது. கிரேட்டுக்குக் கிரேட் அடையாளம் ஏதும் இல்லை. "ரெண்டும் எம்பிடாவுல இருக்கிற பண்ணதான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் ஏஜென்ட். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் கவரில் இருந்த அத்தனை காகிதமும் இந்த மண் ரோட்டில், முதல் வண்டியிலேயே கொஞ்சம் கலங்கிவிட்டது. சின்னச் சின்னக் குளமாக வைத்திருப்பவர்கள் நிறைந்த தொழிலில் தனித்தனி வண்டி வைத்தால் ஐஸ் செலவுக்கே கட்டாது என்பதும் நிஜம்.

ராத்திரி ரயிலில் பீமவரம்.

வியாழன், பீமவரம்

பதப்படுத்தும் ஆலை. பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையில் உள்ளே விட்டார்கள். கம்பூட்ஸ், தலைவலை, முகமூடி, குளோரின் தண்ணீரில் காலை நனைத்து, கையை நனைத்து, மறுபடியும் கையை நனைத்து உள்ளே போனால் எலும்பைத் துளைக்கும் குளிர். நீள மேசைகளின் இரண்டு பக்கமும் பெண்கள். இடது கையில் இறால், வலது கட்டைவிரலால் ஒரு நெம்பு, தலை தனியே. ஓடு உரிப்பவர்கள் வேறு வரிசை. பேச்சு இல்லை; தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

தர மேலாளர் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவர். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டார். குளிர் அறையில் ஒரு அட்டைப்பெட்டியை நீங்களே தொடுங்கள் என்றார். ஆடிட்டுக்கு வருகிற வெளிநாட்டுக்காரன் இப்படித்தான் செய்வானாம். தொட்டேன். மேலே இருந்த லாட் நம்பரை, அதாவது சேர்த்துப் பதப்படுத்திய தொகுதியின் எண்ணை, குறித்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனோம். எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த ஃப்ரீசர், யாருடைய கொள்முதல், எந்த மண்டலத்துக் குளம், எந்த ஹேட்சரி என்று ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

"இந்த ஒரு லாட்டுல மூணு குளம் இருக்கு, பாத்தீங்களா?" என்று அவரே காட்டினார். நேற்றைய வண்டி நினைவுக்கு வந்தது. ஆக, 'எந்தக் குளம்' என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் துல்லியமான பதில் 'இந்த மூன்றில் ஒன்று'. குறை சொல்லவில்லை. ஏதாவது தப்பு நடந்தால் மூன்று குளத்தைச் சோதித்தால் போதும், முன்னூறு அல்ல. தடம் பிடிப்பதன் பிரயோசனமே அதுதான்.

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். இதுக்காக வெளிநாட்டில் கூடக் கொடுக்கிறார்களா?

"கூடக் குடுக்கான்னு நான் சொல்ல மாட்டேன் சார். இல்லன்னா வாங்க மாட்டான். அவ்ளோதான்."

விவரமாகவே சொன்னார். ஐரோப்பாவில் 2002-ஆம் ஆண்டின் உணவுச் சட்டப்படி, உணவு கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், 2005-இலிருந்து கட்டாயம். மீன் என்றால் பிடித்ததா வளர்த்ததா, வளர்த்தது என்றால் எந்த நாடு என்பதும் விற்கும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்து எச்சம் அடிக்கடி சிக்கியதால் 2016-இல் இந்திய வளர்ப்பு இறாலுக்கு அவர்கள் சோதனையை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக ஏற்றினார்கள். அமெரிக்கா 2018 கடைசியில் இறாலையும் தன் இறக்குமதிக் கண்காணிப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. எங்கே வளர்ந்தது என்ற விவரம் இல்லாமல் துறைமுகம் தாண்டாது. இவை தவிர, பெரிய கடைச் சங்கிலிகள் கேட்கும் தனியார் சான்றிதழ்கள். அதில் ஒன்றில் நட்சத்திரக் கணக்கு: ஹேட்சரி, தீவன ஆலை, பண்ணை, பதப்படுத்தும் ஆலை நான்கும் தேறினால் நான்கு நட்சத்திரம்.

இதில் கடை அலமாரி முன்னால் நிற்கும் வெள்ளைக்காரர் எங்கே வருகிறார்? எங்கேயும் வரவில்லை. கிலோவுக்கு இவ்வளவு கூடத் தருகிறேன் என்று அவர் கையைத் தூக்கியதால் இந்தத் திரையும் லாட் நம்பரும் வரவில்லை. சட்டம் போட்டார்கள், கடைக்காரர்கள் மிரட்டினார்கள், சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். வந்தது. செலவு யார் தலையில்? கொஞ்சம் ஆலை, மீதி நேற்று 43-க்கு ஒத்துக்கொண்டவர். நுகர்வோர் கூடத் தருவாரா என்று ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிற என்னைப் போன்றவர்கள் கேள்வியையே தப்பான வாசலில் கேட்கிறோமோ என்று இங்கேதான் தோன்றியது.

உள்ளூர் விற்பனைக்கான பாக்கெட்டையும் பார்த்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது இந்த மாவட்டமே ஆடிப்போனதாம். ஆடாமல் என்ன செய்யும்? 2023-24 கணக்கில் கடல் பொருள் ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய், அதில் உறைந்த இறால் மட்டும் 40,013 கோடி. இறாலை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. வரி ஏறியதிலிருந்து உள்ளூர்ச் சந்தை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பாக்கெட் அழகாக இருக்கிறது. பின்பக்கம் ஆலை முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், அடைத்த தேதி, சமையல் குறிப்பு. குளம் இல்லை.

"ஏன் போடல?"

"கம்ப்யூட்டர்ல இருக்குல்லா சார், ஒரு வரி பிரிண்ட் பண்ணணும், அவ்ளோதான். யாரும் கேக்கல."

சோதனையில் தேறாத குளத்துச் சரக்கு எங்கே போகும் என்று கடைசியாகக் கேட்டேன். "நாங்க எடுக்க மாட்டோம்" என்றார். அப்புறம்? "வேற ஆளு எடுப்பான்." அந்த வேற ஆள் யாருக்கு விற்பான் என்று நான் கேட்கவில்லை, அவரும் சாப்பிடக் கூப்பிட்டார். இறால் இல்லை, கோங்கூரா பப்பு, நம்மூர் புளிச்சகீரைப் பருப்பு.

வெள்ளி, கைகலூரு, கொல்லேரு

கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் நடுவில் கிடக்கும் பெரிய நன்னீர் ஏரி கொல்லேரு. ஏரியைத் தேடினால் குளம்தான் கண்ணில் படுகிறது. பாதைக்கு இரண்டு பக்கமும் கரை, கரைக்கு அப்பால் குளம், அதற்கு அப்பால் இன்னொரு கரை. 1999-இல் இதைச் சரணாலயம் ஆக்கினார்கள், 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் அரசே ஆளும் இயந்திரமும் இறக்கி ஏரிக்குள் இருந்த மீன் குளங்களின் கரைகளை உடைத்தது. அதைப் பற்றி இங்கே யாரிடமும் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஆட்டோக்காரர் முன்பே சொல்லிவிட்டார். நான் எடுக்கவில்லை, டீக்கடையில் அவர்களே எடுத்தார்கள்.

குளம் எங்கே இருக்கிறது என்று எழுதிய சீட்டு எல்லோருக்கும் நல்லது என்று நகரத்தில் உட்கார்ந்து நினைப்பது சுலபம். இங்கே அந்தச் சீட்டு 'சரணாலய எல்லைக்கு உள்ளேயா வெளியேயா' என்ற பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடும். உள்ளே இருப்பவர் எதற்காகச் சீட்டுக் கேட்பார்?

தீவனம் வைக்கும் விதம் நான் வேறெங்கும் பார்க்காதது. தண்ணீரில் மூங்கில் கம்புகள் வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அடியில் துளைபோட்ட பை ஒன்று. எண்ணெய் எடுத்த தவிடும் பிண்ணாக்கும் கலந்து நிரப்பித் தண்ணீரில் தொங்கவிடுகிறார்கள். ரோகு வந்து துளையில் வாயை வைத்து உறிஞ்சும்போது பை லேசாக ஆடுகிறது. எந்தப் பை ஆடுகிறது, எது சும்மா நிற்கிறது என்று பார்த்தே, மீன் சரியாகத் தின்கிறதா என்று பரிசலில் போகிறவர் சொல்லிவிடுகிறார். கணக்கு நோட்டு என்று ஒன்றும் இல்லை. இறாலுக்கு ஒரு கவர் நிறையக் காகிதம். இந்த மீனுக்கு அந்த மனிதரின் கண் மட்டும். காரணம் ஒன்றே ஒன்று: இறால் வெளிநாடு போகிறது, ரோகுவை நாம் தின்கிறோம்.

மத்தியானம் ஒரு பேக்கிங் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பாரை மெஷினில் போட்டு நொறுக்கும் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், மறுபடி ஐஸ், மூடி, மிதித்து, கயிறு. வங்காளத்துக்கும் அசாமுக்கும் போகிற லாரி அது. போய்ச் சேர நாள் கணக்காகும். லாரியில் ஏற்றும் முன் ஒரு பையன் நீல பெயின்ட் டப்பாவோடு வந்து ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு எழுத்து எழுதிக்கொண்டே போனான். சில பெட்டிகளில் வேறு எழுத்து. கேட்டால், ஒரே லாரியில் மூன்று நான்கு பேர் சரக்கு போகும், அந்தப் பக்க மண்டிக்காரர் யாருக்கு எவ்வளவு பணம் போட வேண்டும் என்று தெரிய வேண்டாமா என்கிறான்.

கொட்டகை முதலாளிக்கு 2018 நன்றாக நினைவிருக்கிறது. கெடாமல் இருக்க மீனில் ஃபார்மலின் என்ற ரசாயனம் போடுகிறார்கள் என்று கேரளத்தில் கிளம்பிய பேச்சு சென்னை வரைக்கும் பரவிய வருடம். கொச்சியில் இருக்கும் மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தயாரித்த சோதனைத் தாளை மீன்மேல் தேய்த்து நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. அசாம் அந்த வருடமே ஆந்திர மீனுக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2019 ஜனவரியில் பாட்னாவிலும் தடை. "தப்பு பண்ணவன் ஒருத்தன் இருந்தா இருக்கட்டும். என் லாரியும் நின்னுது, அவன் லாரியும் நின்னுது" என்று அரைத் தமிழில் சொன்னார். என்னுடையது சுத்தம் என்று காட்ட அவர் கையில் ஒன்றுமே இருக்கவில்லை. அப்போது சீட்டு இருந்திருந்தால் எவ்வளவு செலவழித்திருப்பீர்கள் என்று கேட்டேன். ஒரு லாரிச் சரக்கின் மதிப்பையே சொன்னார். இந்தப் பயணத்தில் யோசிக்காமல், பாசாங்கில்லாமல் வந்த தொகை அதுதான். அதைச் சொன்னவர் வாங்குகிறவர் அல்ல, விற்கிறவர்.

சனி, ரயிலில்

எழுத அதிகம் இல்லை. ஜன்னல் ஓரம், தூக்கம், இட்லி.

ஒன்று மட்டும். 1973-இல் டார்பி, கார்னி என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள், வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்தார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மீன் புதுசா என்று தெரியும். தின்றால் ருசி தெரியும். தடைசெய்த மருந்து போட்டு வளர்த்ததா என்பது தின்று முடித்த பிறகும் தெரியாது. அதற்குக் காசு கொடுப்பது என்றால், சொல்கிறவனை நம்பிக் கொடுப்பதுதான். சீட்டுக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்பதற்கு முன்னால், சீட்டு எழுதுகிறவனை எவ்வளவு நம்புகிறாய் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ஞாயிறு, சென்னை

காலையில் முதலில் ஒரு ஏசி மீன் கடை. இரண்டு தட்டுகளில் கொடுவா. ஒன்றில் க்யூஆர் கோடு அட்டை, கிலோவுக்கு அறுபது ரூபாய் கூட. ஞாயிறு கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் இரண்டு தட்டுக்கும் நடுவில்தான் நின்றார்கள், ஆனால் பார்த்தது கண்ணையும் செவுளையும். அட்டையைத் திருப்பிப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு இளம் ஜோடி ஸ்கேன்கூடச் செய்தது. பண்ணையின் வீடியோ, ட்ரோனில் எடுத்தது, பின்னணியில் இசை. குளத்தின் பெயரோ பிடித்த தேதியோ வருவதற்குள் அந்தப் பெண், "அப்போ இது வளர்ப்பா?" என்று கேட்டுவிட்டு மற்ற தட்டைக் காட்டினார். கடைப் பையன் சிரித்துக்கொண்டே அதை எடுத்து நிறுத்தான். அதுவும் வளர்ப்பு என்பதை அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னான்.

கொடுவாவைக் குளத்தில் வளர்ப்பது ரகசியம் ஒன்றும் இல்லை. அதன் குஞ்சு உற்பத்தியைச் சாந்தோமில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம் தொண்ணூறுகளிலேயே சாதித்துவிட்டது. ஆனால் நம் சந்தையில் கடல் மீன் என்றால் மதிப்பு, வளர்ப்பு என்றால் இளப்பம். இந்த நிலைமையில் உண்மையைச் சொல்லும் சீட்டு விலையைக் கூட்டாது, இறக்கும். சீட்டில்லாத தட்டு கடல் மீனாக நடமாடும். சீட்டுள்ள தட்டு மாட்டிக்கொள்ளும்.

அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை. தொட்டியில் உயிரோடு விரால். பக்கத்திலேயே ஐஸில் செத்த விரால், விலை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தொட்டியைச் சுற்றித்தான் கூட்டம். இதுவும் வளர்ப்பு விரால்தான், எல்லோருக்கும் தெரிந்தேதான் வாங்குகிறார்கள், பேரம்கூட அதிகம் இல்லை. கூடுதல் காசு கொடுக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது? கண்ணால் பார்க்கிறதுக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு துள்ளுகிறதை எந்த ஏஜென்டும் பொய்யாக எழுத முடியாது.

கட்லா விற்கும் ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் வாங்குவதாகச் சொன்ன மீன் எந்தக் குளம் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டதும் முதலில் முறைத்தார். "எதுக்கு நைனா, கேஸ் கீஸ் போடப் போறியா?" இல்லை என்று சத்தியம் செய்து, மீனுக்கும் காசு கொடுத்த பிறகு போனை எடுத்தார். ரெண்டு கடை தள்ளி இருந்த மொத்த வியாபாரியிடம் அனுப்பினார். அவர் பின்னால் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளைக் காலால் தள்ளித் தேடி ஒன்றை எடுத்துக் காட்டினார். நீல பெயின்டில் இரண்டு எழுத்து.

கைகலூரில் பார்த்த எழுத்து அல்ல, வேறு இரண்டு. ஆனால் அவருக்கு அது யார் என்று தெரியும். போன் போட்டார். தெலுங்கில் நலம் விசாரிப்பு, பாக்கி எவ்வளவு, அடுத்த வண்டி எப்போது. நடுவில் ஒரு வரி கேள்வி. பதில் வந்தது: ஆகிவீடு பக்கம், ஒரு சொந்தக்காரருடைய குளம், வியாழக்கிழமை இழுத்தது. மொத்தமும் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். சர்வர் இல்லை, க்யூஆர் இல்லை, ட்ரோன் இல்லை. காசு எந்த வழியாகத் திரும்பிப் போகிறதோ அந்த வழியில் போனால் மீன் வந்த குளம் வரைக்கும் போய்விடலாம் போலிருக்கிறது.

"இதை ஒரு சீட்டுல எழுதி அக்கா கடைக்குக் குடுத்தா என்னண்ணே? கிலோவுக்கு எவ்ளோ கேப்பீங்க?"

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "எழுதுறதுக்கு எதுக்கு சார் காசு? நாளைக்கு ஒரு மீன் கெட்டுப்போச்சுன்னு அந்தச் சீட்டத் தூக்கினு எங்கிட்ட வந்து நிப்பீங்களே, அதுக்குத்தான் ரேட்டு சொல்லத் தெரியல."